யார் வச்ச பேரு?

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் மைக்கம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்தது. வைத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. சம்பளப் பட்டியலில் இருக்கும். அங்கே அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

ஊருக்கே அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் குனிந்து வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே விலை கேட்பாள். தராசிலிருந்து கடைக்காரர் நிமிர்வார்.

"உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே?"

"இருக்கும்."

"டிவியில வர்றீங்களா?"

"வர்றதில்ல."

அவ்வளவுதான். இன்னார் என்று சொன்னால் அடுத்த தடவையும் பேச வேண்டியிருக்கும். பேச்சு அவளுக்கு வேலை. வேலை முடிந்தால் பேச்சும் முடிந்தது.

நிலையத்தின் நடுவில் இருந்தது அவளுடைய அறை. மூன்று பக்கமும் கண்ணாடி. பின்பக்கம் சுவர், சுவரில் ஒரு கதவு, அதைத் திறந்தால் பார்சல் ஆபீஸ். வெளியே போக வேண்டுமென்றால் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். முன்கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. விசாரிக்க வருபவர்கள் அதில் வாயை வைத்துப் பேசுவார்கள், பிறகு அதே ஓட்டையில் காதை வைப்பார்கள். மேஜையில் மைக். அதன் பஞ்சுத் தொப்பி எத்தனையோ வருஷமாக அவள் மூச்சுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. பேசும்போது பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் சிவப்பு பல்பு அணைந்துவிடும். கடைசி நடைமேடையின் ஒலிபெருக்கி கொஞ்சம் சோம்பேறி. அவள் சொன்னது அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பாள். தன் பேச்சில் தானே குறுக்கிட்டுக்கொண்டிருப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

அறைக்குள் சுவரோரமாக ஒரு மஞ்சள் பெஞ்ச். தொலைந்துபோன குழந்தைகளை அதில்தான் உட்கார வைப்பார்கள். காவலாளி கூட்டிக்கொண்டு வருவார். எப்போதும் வாயில் விசிலோடு திரிவதால் அவருக்கும் ஒரு பெயர் உண்டு, விசிலு. பையன்கள் அழுது ஊரைக் கூட்டிவிடுவார்கள். பெண் குழந்தைகள் அதிகம் அழ மாட்டார்கள். விட்ட இடத்திலேயே நிற்பார்கள். பெஞ்சில் உட்கார வைத்தால் காலை ஆட்டிக்கொண்டு, மைக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குழந்தையின் பெயரைக் கேட்டு, மைக்கில் சொல்லிக் கூப்பிடுவது அவள் வழக்கம். சாதாரணப் பெயராக இருந்தால் பாடுதான். ஒரு பெயரைச் சொன்னால் ஆறு அம்மாக்கள் ஓடி வருவார்கள். அதில் இரண்டு பேர் தங்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நிற்பார்கள், பதற்றத்தில். அதனால் சட்டை நிறம், செருப்பு நிறம் எல்லாம் சேர்த்துச் சொல்வாள். யாரும் வைக்காத பெயராக இருந்தால் ஒரே ஒரு தடவை போதும். ஆயிரம் பேர் நடக்கிற கூட்டத்தில் ஒரே ஒரு தலை திரும்பும்.

ஆரம்பத்தில் ஒரு தப்பு நடந்தது. மைக்கில் பெயரைக் கேட்டுவிட்டு, யாரோ ஒருத்தி வந்து அதே பெயரைச் சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நிஜ அம்மா வந்தபோது பெஞ்ச் காலி. நல்லவேளை, விசிலு வாசல்வரை ஓடிப் பிடித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்றார்கள். மைக்கம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"இந்தப் பேரு யாரு வச்சது? ஏன் வச்சீங்க?"

பெயர் ஊருக்கே கேட்டுவிடுகிறது. காரணம் வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். இதுதான் அவள் கணக்கு.

சாதாரணப் பெயர்க்காரர்கள் திணறுவார்கள். "அது… நல்லாருந்துச்சு, வச்சோம்" என்பார்கள். அவர்களை வேறு ஏதாவது கேட்டு அனுப்ப வேண்டும். விசித்திரமான பெயர் வைத்தவர்கள் அப்படியல்ல. மூச்சு வாங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாள் காத்திருந்தவர்கள் மாதிரி.

ஏணி என்று ஒரு குழந்தை. பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தது. அப்பா பெயின்ட் அடிக்கிறவர். இவள் பிறப்பதற்கு முந்தின வாரம் மாடி உயரத்திலிருந்து ஏணியோடு சரிந்தாராம். ஏணி உடைந்தது, இவருக்கு ஒரு கீறல் இல்லை. "எனக்குப் பதிலா அது போச்சுங்க. அதுக்கு ஏதாவது செய்யணும்ல?" என்றார்.

சிக்னல் என்று ஒருத்தி. டாக்ஸி சிவப்பு விளக்கில் நின்றபோது பிறந்தவள். வீட்டில் கூப்பிடுவது சிக்கு. "பச்சை விழற வரைக்கும்கூடப் பொறுமை இல்லீங்க இவளுக்கு. இன்னிக்கும் அப்படித்தான், கைய விட்டுட்டு ஓடிட்டா பாருங்க" என்று அவள் அம்மா சொன்னபோது விசிலு விசிலைக் கையில் எடுத்துவிட்டுச் சிரித்தார்.

இரவல் என்று இன்னொருத்தி. தொட்டில், துணி, பால்புட்டி எல்லாமே அக்கம்பக்கத்தில் வாங்கியது. "சொந்தமா வந்தது இவ ஒருத்திதான். மறந்துடக் கூடாதுன்னு வச்சோம்" என்றாள் அம்மா. அந்தப் பெண்ணுக்கு வளர்ந்த பிறகு பிடிக்குமா பிடிக்காதா என்று மைக்கம்மா வீடு போகும்வரை யோசித்துக்கொண்டே போனாள்.

லுமேரா என்று ஒரு பெயர், வாயில் வழுக்கிக்கொண்டு போகும். அப்பா வேலை பார்க்கிற கப்பலின் பெயர். அவர் இன்னும் குழந்தையை நேரில் பார்க்கவில்லை. "கப்பலையாவது தினம் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அந்த அம்மா. அதைச் சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருமுறை மட்டும் அந்தக் கேள்வி காலை வாரியது. துணிக்கடைப் பையோடு ஓடி வந்தார் ஒருவர். "என் பொண்ணுதான், விடுங்க." பெயரைச் சரியாகச் சொன்னார். யார் வைத்தது, ஏன் என்று கேட்டதும் விழித்தார். "பேருல என்னம்மா இருக்கு? அவ அம்மா வச்சா." ஏன் என்று தெரியவில்லை. "நான் அப்போ ஊர்ல இல்ல." மைக்கம்மா குழந்தையை விடவில்லை. குழந்தை "அப்பா" என்று அழுதது, அப்போதும் விடவில்லை. அம்மா வந்து சேரும்வரை அந்த மனுஷன் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினார். நிஜமாகவே அப்பாதான். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். திட்டு அவள் காதில் விழவில்லை. பெயருக்குக் காரணம் தெரியாத அப்பாவின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவளுக்கும் ஒரு பெண் உண்டு. பெயர் குடை.

பிறந்த நாள் அன்று மழை. வலி எடுத்தபோது வீட்டில் யாரும் இல்லை. பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன், முந்தின நாளே வேறு ஊரில் வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அப்படி ஒரு வேலையே இல்லை. பயந்துபோய் நண்பன் வீட்டில் படுத்துக் கிடந்தான் என்பது பிறகுதான் தெரியும். அவள் கதவைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், நடந்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் முழுக்க நனைந்தாயிற்று. அப்போது தலைக்கு மேல் மழை நின்றது. நிமிர்ந்து பார்த்தால் குடை. யாரோ ஒருத்தி கூடவே நடந்து வந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாள். குடை முழுக்க இவள் மேல், அவள் மழையில். வாசலில் நர்ஸ் தள்ளுவண்டியைக் கொண்டுவந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையே குழந்தைக்கு வைத்திருப்பாள். தெரிந்தது குடை மட்டும்தான்.

பிறப்புப் பதிவு எழுதியவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "குடையா? அடுத்தது பொறந்தா செருப்பா?" அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் புருஷன் ஒரு சின்ன ஸ்வெட்டரோடு வந்து நின்றான். அவனும் கேட்டான், "என்னடி பேரு இது?" அவனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் சொல்லிக் காட்டுவதுபோல ஆகிவிடும். கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. பெண்ணுக்கு நாலு வயதாகும்போது நெஞ்சுவலி வந்து போய்விட்டான்.

போனவனைப் பெண்ணுக்காக நல்லவனாக்கி வைத்தாள். செத்தவரை நல்லவராக்குவது சுலபம், எதிர்த்துப் பேச வர மாட்டார். "நீ பொறந்தன்னைக்கு என்ன மழை தெரியுமா! அப்பாதான் டாக்ஸி புடிச்சு, நனைஞ்சுக்கிட்டே கதவைத் தெறந்துவிட்டு, என்னை ஏத்தினாரு." பெண் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள். அப்பாவைப் பற்றிய கட்டுரையில் எழுதிப் பாராட்டும் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கதைக்குள் அந்தக் குடைக்காரியைக் கொண்டுவர இடமில்லாமல் போயிற்று.

பள்ளிக்கூடம் விட்டதும் பெண் நேரே இங்கே வந்துவிடும். மஞ்சள் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதும். தொலைந்த குழந்தை வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கும். ஏணி, சிக்கு, இரவல் எல்லாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள்தான். எல்லாக் காரணங்களையும் பென்சிலைக் கடித்தபடி அவளும் கேட்டிருக்கிறாள். வகுப்பில் மழை வந்தால் போதும், "குடையை எடுங்கடி!" என்று கத்துவார்கள். வாத்தியார்கூட வருகைப் பதிவில் அந்தப் பெயர் வரும்போது ஜன்னல் பக்கம் வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் அவள் கேட்டாள்.

"எனக்கு ஏம்மா இந்தப் பேரு?"

"சும்மா வச்சேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். வேலை நேரத்துல நச்சரிக்காத."

பெண் பென்சிலை டப்பாவில் போட்டு மூடினாள்.

"தொலைஞ்சு போற பிள்ளைங்களுக்கெல்லாம் காரணம் இருக்கு" என்றாள்.

மைக்கம்மா பொத்தானை அழுத்தி, ஏதோ ஒரு பஸ் தாமதமாக வரும் என்று அறிவித்தாள்.

பதினெட்டு வயது முடிந்ததும் பெண் முதல் காரியமாகப் பெயரை மாற்றிக்கொண்டாள். எந்த வகுப்பில் பார்த்தாலும் மூன்று பேருக்கு இருக்கிற பெயர். "இப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றாள், சந்தோஷமாக. மைக்கம்மா தலையாட்டினாள். ஆனால் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. பழையதைச் சொன்னால் சண்டை. அதனால் எதையும் சொல்லாமல் பழகிக்கொண்டாள். சாப்பிட வா என்பாள், கதவைச் சாத்து என்பாள், யாரிடம் சொல்கிறோம் என்பதைச் சொல்ல மாட்டாள். பெண் வேலை கிடைத்து, கல்யாணமாகி, தொலைதூரம் போன பிறகு போனில் அது இன்னும் கஷ்டமாயிற்று. மணி அடிக்கும். எடுப்பாள். "ம்" என்பாள். பிறகு "நான்தான்" என்று பெண்ணே ஆரம்பிப்பாள். பேச்சுகள் சுருங்கின. குழந்தை பிறந்தபோது, வரட்டுமா என்று மைக்கம்மா கேட்டாள். "இங்க அவரோட அம்மா இருக்காங்க. நீ லீவு போட வேண்டாம்." பேத்திக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. படங்களில்தான் பார்த்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வீடு என்று ஓர் அறை, ஒரு சமையல் மேடை. குளியலறைக் குழாய் சொட்டும், அதற்கடியில் ஒரு வாளி. நாற்காலி இரண்டு. ஒன்றில் துவைத்த துணி இருக்கும். அதை மடித்து வைக்க அவசரம் இல்லை, உட்கார யாரும் வருவதில்லை. மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு இன்னொன்றில் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்ட பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். பெயர் கிடைக்காத நாள்களே அதிகம். அந்த நாள்களில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை போனில் செய்தி வந்தது. சனிக்கிழமை மதியம் அங்கே பஸ் மாறுகிறேன், பாப்பாவோடு, ஒரு மணி நேரம் இருக்கும், வேலையில்தானே இருப்பாய். மைக்கம்மா அதைப் பலமுறை படித்தாள். சனிக்கிழமை புதுப் புடவை கட்டினாள். கண்ணாடியின் வட்ட ஓட்டையைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்கை ஈரத்துணியால் துடைத்தாள்.

"என்ன மைக்கம்மா, மந்திரி வர்றாரா?" என்றார் விசிலு.

"என் பொண்ணு வர்றா. பாப்பாவோட."

"அப்ப நான்தான் மொதல்ல தூக்குவேன்."

"விசிலை எடுத்துட்டுத் தூக்குங்க. காதைச் செவிடாக்கிடாதீங்க."

லீவு முடிகிற நாள். நிலையம் நிரம்பி வழிந்தது. மதியம் ஒரு குழந்தை பெஞ்சுக்கு வந்தது. பெயர் ஒத்திகை. ஒரு தடவை கூப்பிட்டதும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே ஓடி வந்தார்கள்.

"யாரு வச்ச பேரு?"

"நான்தாங்க" என்றாள் அம்மா, மூச்சிரைக்க. "மூணு தடவை வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூணு தடவையும் இன்னும் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் இவரு பெட்டியைத் தூக்கிட்டு முன்னால ஓடுவாரு, நான் பின்னால நடப்பேன்…"

"நாலாவது தடவை பெட்டியை மறந்துட்டு ஓடினேங்க" என்றார் அப்பா.

"என்னையும்தான் மறந்துட்டு ஓடினாரு!"

மைக்கம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து விசிலு பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு மணியைப் பார்த்தாள். பெண்ணின் பஸ் வந்திருக்க வேண்டும். டைம் கீப்பரைக் கேட்டாள். அது எப்போதோ வந்து, பின்வாசலில் ஆளை இறக்கிவிட்டுப் போயாயிற்று. போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பெண்ணுக்கு இந்த அறைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்து சேருவாள். வரவில்லையென்றால் வர வேண்டாம் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான். அவள் ஏற வேண்டிய பஸ் ஏற்கெனவே நடைமேடையில் வந்து நின்றிருந்தது. அது கிளம்பிவிட்டால் அடுத்து எப்போதோ.

விசிலு ஓட்டைக்குள் வாயை வைத்தார். "என்ன மைக்கம்மா, ஊர்ப்பட்ட பேரைக் கூப்பிடுறீங்க. உங்க பொண்ணைக் கூப்பிட மாட்டீங்களா?"

அவள் பொத்தானை அழுத்தினாள். அந்தப் புதுப் பெயரைச் சொன்னாள். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரலில், கைக்குழந்தையுடன் வந்திருப்பவர், தகவல் அறைக்கு வரவும் என்றாள். கைக்குழந்தையோடு மூன்று பேர் வந்தார்கள். குழந்தை இல்லாமலும் சிலர் வந்தார்கள், அவர்களுக்குப் பெயர் காதில் விழுந்ததே போதுமாக இருந்தது.

"என்னையா கூப்பிட்டீங்க? வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரா?"

"இல்லம்மா. வேற ஒருத்தங்க."

"வேற யாரு? அது என் பேருதானே?" என்று ஒருத்தி சண்டைக்கு நின்றாள்.

எல்லா முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் அவள் பெண்ணுடையது இல்லை. அந்தப் பெயரோடு இத்தனை வருஷம் இருந்தவள், அது யாருக்கோ என்று விட்டுவிடப் பழகியிருப்பாள்.

கண்ணாடி முன் கூட்டம் கலைந்தது. நடைமேடையில் கண்டக்டர் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மைக்கம்மா மறுபடி பொத்தானை அழுத்தினாள். சிவப்பு பல்பு எரிந்தது.

"குடை."

விரல் பொத்தானிலேயே இருந்தது. கடைசி நடைமேடையிலிருந்து அந்தப் பெயர் மெதுவாகத் திரும்பி வந்தது. அங்கங்கே சிரிப்பு கேட்டது. ஒரு பெரியவர் அவசரமாக வந்து, "கறுப்புக் குடையா? கைப்பிடியில டேப் சுத்தியிருக்குமே?" என்றார்.

"யாரோ விட்டுட்டுப் போனதா மைக்கம்மா?" என்றார் விசிலு.

"அது என் பொண்ணு."

விசிலு வாயிலிருந்த விசிலை எடுத்தார். பெரியவரின் கையைப் பிடித்து, மெல்ல அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

இத்தனை வருஷத்தில் அந்த மைக்கில் அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"குடை, நான் அம்மா. இங்கதான் இருக்கேன்."

நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்தில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்துத் தூணை ஒட்டி, நகராமல் நின்றிருந்தாள் ஒருத்தி. தோளில் துணிச்சுருளாகக் குழந்தை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவள் கண்ணாடியை நோக்கி வேகமாக வந்தாள். வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஊரே சிரிக்குது. எதுக்கு அந்தப் பேரைச் சொன்ன?"

"அதுக்குத்தான் நீ மட்டும் வருவ."

மைக்கம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இரு, நான் சுத்தி வர்றேன்."

"வேண்டாம். சுத்தி வர்றதுக்குள்ள பஸ் போயிடும். அங்கயே இரு."

"ஏன் நேரா வரல? தூண்கிட்ட நின்னுக்கிட்டு…"

"வரத்தான் வந்தேன்." பெண் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "நீ யாருக்கிட்டயோ கேட்டுக்கிட்டு இருந்த. யாரு வச்ச பேரு, ஏன் வச்சீங்கன்னு. சிரிச்சுக்கிட்டு இருந்த. அதைப் பாத்ததும் கால் வரல." ஓட்டைக்கு அருகில் குனிந்தாள். "எல்லாரையும் கேட்பல்ல? இப்ப நான் கேக்கிறேன். எனக்கு ஏன் அந்தப் பேரு வச்ச? சும்மான்னு மட்டும் சொல்லாத. சொன்னா இப்படியே போயிடுவேன்."

மைக்கம்மா பொத்தானைப் பார்த்தாள். பல்பு எரியவில்லை. ஓட்டையில் வாயை வைத்தாள்.

"நீ பொறந்தன்னைக்கு மழை. நான் நடந்து போனேன். தனியா. யாரோ ஒரு பொம்பளை வந்து குடை புடிச்சா. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தா. அவ நனைஞ்சா, என்னை நனைய விடல. பேரு கேக்கல. அதான்."

பெண் ஓட்டையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அப்பா டாக்ஸி புடிச்சாருன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அப்பா எங்க?"

"வரல. பயந்துட்டாரு. மூணாம் நாள் வந்தாரு. ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்தாரு, அது நெஜம். அந்த நீலக் கலரு."

"கட்டுரையெல்லாம் எழுதினேன்ம்மா."

"தெரியும்."

கண்டக்டர் பெண்ணைப் பார்த்துக் கை காட்டினார். டைம் கீப்பரின் மணி மேஜையில் ஒலித்தது. பஸ்ஸை அனுப்பச் சொல்கிறார்கள். பெண் அசையவில்லை.

"அந்தப் பொம்பளை எப்படி இருந்தா?"

"முகத்தைப் பாக்கல. வலியில எங்க பாக்கிறது? கைதான் தெரிஞ்சுது. குடைக்காம்பைப் புடிச்ச கை. நரம்பு பொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. காத்து அப்படி."

பெண் தலையாட்டினாள். பிறகு உடம்பைத் திருப்பி, தோளைக் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். துணிக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் தெரிந்தது. படங்களில் இருந்ததுபோலவே தூக்கம். மூச்சுப் பட்ட இடத்தில் கண்ணாடியில் ஒரு வெண்வட்டம் விழுந்து, மறைந்து, மறுபடி விழுந்தது. மைக்கம்மா இந்தப் பக்கத்திலிருந்து அந்த இடத்தில் விரலை வைத்தாள். கண்ணாடி குளிர்ந்துதான் இருந்தது.

"போன் பண்றேன்" என்றாள் பெண், கிளம்பிக்கொண்டே. "எடுத்தா ஏதாவது ஒரு பேரு சொல்லு. எதுவா இருந்தாலும் சரி. 'ம்'னு மட்டும் சொல்லாத."

பஸ்ஸை அவள்தான் அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்தி, ஊர்ப் பெயரைச் சொல்லி, புறப்படத் தயாராக உள்ளது, பயணிகள் அமரவும் என்றாள். குரல் எப்போதும்போலவே வந்தது. பெண் படியேறுவதைப் பார்த்தாள். எந்த ஜன்னல் என்று தெரியவில்லை. பஸ் வளைந்து போன பிறகுதான் கடைசி நடைமேடையிலிருந்து, அமரவும் என்று அவள் குரல் திரும்பி வந்தது.

விசிலு கண்ணாடியருகே வந்து நின்றார்.

"பேத்தி பேரு என்னங்க மைக்கம்மா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கலையே."

"நீங்களா?" என்றார். மேலே கேலி செய்ய வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையிலேயே துணியை மடித்து வைத்து இரண்டாவது நாற்காலியைக் காலி செய்தாள். அதன் மேல் போனை வைத்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அது அடித்தது. கையைத் துடைக்காமலே எடுத்தாள். ம் என்று வந்த எழுத்தை விழுங்கிவிட்டு, அந்தப் புதுப் பெயரைச் சொன்னாள். நாக்கு தடுக்கியது. யாருடைய பெயரையோ சொல்வதுபோல இருந்தது. ஆனாலும் கடைசி எழுத்துவரை சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம். ஒரு குழந்தை எதையோ தட்டியது.

"ம்" என்றாள் பெண்.

"பாப்பா பேரு கேக்க மறந்துட்டேன்."

"இன்னும் வைக்கல. பாப்பான்னுதான் கூப்பிடுறோம். அவருக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு, அவங்க அம்மாவுக்கு ஒண்ணு."

"உனக்கு?"

"எனக்கு என்ன… நாளைக்கு அவ கேட்டா சொல்ல ஒரு காரணம் இருக்கணும். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மா, அந்தப் பொம்பளை எந்தக் கையில குடை புடிச்சிருந்தா?"

"இடது கைன்னு நெனைக்கிறேன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

குழந்தை அழ ஆரம்பித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று பெண் போனை வைத்துவிட்டாள்.

அறை பழையபடி ஆயிற்று. குழாயிலிருந்து வாளியில் சொட்டு விழும் சத்தம் மட்டும். இடதுதானா என்று மைக்கம்மாவுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தினாள். வாசல் கதவில் முதுகை வைத்து நின்று, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிர்ச்சுவரை நோக்கி நடந்தாள். பக்கத்தில் ஒருத்தி நடந்து வருவதாக வைத்துக்கொண்டு, தன் தலைக்கு மேல் வந்திருக்கக்கூடிய அந்தக் கையை அண்ணாந்து பார்த்தாள். சுவர் வந்ததும் திரும்பி, மறுபடி முதலிலிருந்து நடந்தாள்.

இடதுதான்.